ஷோகேஸுக்கு என்றால் தர மாட்டேன்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கூடி, மலைக்கோட்டை, பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட் என்று கேமராவோடு சுற்றும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



என் கேமராக்களில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் உங்களுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டேன். விலைக்கு இல்லை, சும்மாதான். சும்மா என்றதும் ஓடி வந்துவிடாதீர்கள். எது யாருக்குச் சரிப்படும், எதற்கு ஆசைப்படக் கூடாது, வாங்கிப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் நான் பழங்கதைக்குப் போய்விடுவேன், நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

வீட்டுக்கு வந்து பார்த்தவர்களில் பலர் "கண்ணாடி ஷோகேஸ் செஞ்சு, உள்ள லைட் போட்டு வைங்க சார், சூப்பரா இருக்கும்" என்றீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை இப்போது சொல்கிறேன். கேமரா ஓட வேண்டிய சாமான். ஷட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் மெல்லிய எண்ணெய்ப் பசையில் ஓடுகின்றன. வருஷக்கணக்கில் தொடாமல் வைத்தால் அந்த எண்ணெய் பிசுபிசுத்து இறுகிவிடும். முதலில் சாவது மெதுவான வேகங்கள்தான். ஒரு விநாடிக்கு வைத்து அழுத்தினால் இரண்டு விநாடி இழுக்கும், இல்லையென்றால் பாதியில் நின்று முனகும். வாரம் ஒருமுறை பிலிம் இல்லாமலேயே நாலு தடவை அழுத்திவிட்டால்கூடப் போதும். ஆனால் எத்தனை கேமராவை எத்தனை நாள் ஒருவன் அப்படிச் சும்மா அழுத்திக்கொண்டிருப்பான்?

மும்பையில் திலீஷ் பரேக் என்பவர் 4,425 பழைய கேமராக்கள் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். குருகிராமில் மியூசியோ கேமரா என்று கேமராக்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2019 முதல் நடக்கிறது. அவையெல்லாம் பெரிய காரியங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். நான் அந்த வகை இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவன், ஊர் ஊராக மாற்றல் வாங்கியவன். ஒவ்வொரு கேமராவும் ஏதோ ஒரு தேவைக்கு வந்தது, தேவை முடிந்தபிறகும் போகாமல் தங்கிவிட்டது. அதற்குப் போய் 'கலெக்‌ஷன்' என்று பெயர் வைத்தது நீங்கள்தான்.

வயதில் மூத்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அக்ஃபா கிளிக் த்ரீ. உங்கள் தாத்தா வீட்டு ஆல்பத்தில் சின்னச் சின்னச் சதுரப் படங்கள் பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் வெள்ளை ஓரம், மூலைக்கு மூலை அட்டை முக்கோணம் செருகியிருக்கும். அவற்றில் நிறையப் படங்கள் இந்தக் கேமராவில் எடுத்தவை. பெயர்தான் ஜெர்மனி, பிறந்தது குஜராத். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி செய்து விற்றது. பிளாஸ்டிக் உடம்பு, சாதாரண லென்ஸ், ஒரே ஒரு ஷட்டர் வேகம். வெயில் அடித்தால் சூரியன் படத்துக்குத் தள்ளு, மப்பாக இருந்தால் மேகத்துக்குத் தள்ளு, நம் கையில் இருப்பது அவ்வளவுதான். 120 ரோல் போட்டால் 12 படம். முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். குமிழைத் திருகத் திருக, பிலிமுக்குப் பின்னால் ஒட்டிவரும் காகிதத்தில் அச்சிட்ட எண் அந்த ஜன்னலில் ஊர்ந்து வரும், நடுவில் வந்ததும் நிறுத்த வேண்டும். எட்டு தாண்டியதும் வீட்டில் எல்லோருக்கும் சிக்கனம் வந்துவிடும். "போதும்டா, மீதியைத் திருவிழாவுக்கு வச்சுக்கோ" என்று அம்மா சொல்லிவிடுவார். ஒரே ரோலில் பொங்கலும் இருக்கும், மே மாதக் கல்யாணமும் இருக்கும்.

படம் ஏன் அவ்வளவு சின்னது என்று கேட்பீர்கள். என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்கினால் காசு அதிகம். அதனால் ஸ்டுடியோக்காரர் 6 சென்டிமீட்டர் நெகட்டிவை அப்படியே பிரிண்ட் காகிதத்தின்மேல் படுக்கவைத்து வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடுவார். கான்டாக்ட் பிரிண்ட் என்பது அதுதான். நெகட்டிவுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பதை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. இப்போது நீங்கள் ஸ்கேன் செய்து பாருங்கள். ஓரமெல்லாம் குழைந்திருக்கும், நடுவில் நிற்கும் பாட்டியின் காதில் தோடு எத்தனை கல் என்று எண்ணலாம்.

அதற்குப் போட்ட பிலிம் பெரும்பாலும் ஆர்வோ. கிழக்கு ஜெர்மனியில் வோல்ஃபென் ஆலையின் சரக்கு, ரூபாய் கணக்கில் வியாபாரம் நடந்ததால் நம் ஊரில் தாராளமாகக் கிடைத்தது. அந்த ஆலை முதலில் அக்ஃபாவுடையதுதான். நாடு இரண்டுபட்டபின் 1964இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆக, பரோடா அக்ஃபாவுக்குள் வோல்ஃபென் ஆர்வோவைப் போட்டது, பாகம் பிரிந்த பங்காளிகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த மாதிரி.

கிளிக் த்ரீயை முதன்முதலாக பிலிம் போட்டுப் பார்ப்பவருக்குத் தருவேன். இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தியாவில் ஏராளமான வீடுகளில் இருந்த கேமரா இது. யாராவது 'ஆன்டிக்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எண்பதுகளில் மலைமேல் இருக்கும் குந்தா நீர்மின் நிலையத்துக்கு மாற்றலானேன். கீழே இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள், எனக்கு அது அதிர்ஷ்டம். பக்கத்து ஊட்டியில் பிலிம் ஆலையே இருந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமில் ரசாயனம் பூசும் வேலைக்குத் தூசியும் வெக்கையும் ஆகாது, அதற்காகத்தான் மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் காகிதம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் வந்தன. அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட எத்தனையோ பேருடைய விலா எலும்புகள் ஊட்டிச் சரக்கில்தான் பதிவாயின, அது அவர்களுக்கே தெரியாது. பிறகு ஆலை நலிந்து இழுத்து மூடப்பட்டது. பிலிம் என்றாலே வெளிநாட்டு மஞ்சள் டப்பாவும் பச்சை டப்பாவும்தான் என்று நினைக்கும் உங்களுக்கு, நம் மாநிலத்திலேயே அது தயாரான காலம் ஒன்று இருந்ததைச் சொல்லிவைக்கத் தோன்றியது.

குந்தாவில்தான் பிலிமை நானே கழுவக் கற்றேன். டி-76 டெவலப்பர், அப்புறம் ஹைப்போ, ஜன்னலுக்குப் போர்வை கட்டிய குளியலறை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அங்கே மார்கழியில் வெந்நீர் கலந்து 20க்கு ஏற்ற வேண்டும். திருச்சிக்கு வந்தபின் சித்திரையில் ஐஸ்கட்டி போட்டு 20க்கு இறக்க வேண்டியதாயிற்று. நீங்கள் வீட்டில் கழுவப் போவதாக இருந்தால் பாத்திரத்தை ஒரு பெரிய ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் வையுங்கள், ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள். ஐஸ் உருகினால் டெவலப்பர் நீர்த்துவிடும்.

மலையில் இருந்தபோது கைக்கு வந்தது ஜெனிட் ஈ. ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய நண்பர் கொண்டுவந்தார். மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தது. கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் கனம். கள்ளன் வந்தால் இதையே எறியலாம் என்று என் மனைவி சொல்வாள். நெற்றியில் தேன்கூட்டுக் கண்ணாடிபோல இருப்பது செலினியம் மீட்டர். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கும், பேட்டரி வேண்டாம். வேகம் முப்பதில் ஒரு பங்கு விநாடியிலிருந்து ஐந்நூறில் ஒரு பங்குவரை மட்டும்.

அதன் சிறப்பு உடம்பில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. பழைய ஜெர்மன் ஸைஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்து ரஷ்யர்கள் செய்தது. துளையை முழுக்கத் திறந்து ஒருவரை நிற்கவைத்து எடுத்தால், பின்னாலிருக்கும் மர இலைகளெல்லாம் அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல விழும். வல்லுநர்கள் இதைக் குறை என்பார்கள். இன்றைக்கு அந்தக் குறைக்காகவே அடாப்டர் போட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிறார்கள். இதில் இரண்டு வளையம் இருக்கும். ஒன்றில் எஃப் எண்ணை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். மற்றொன்றால் துளையைத் திறந்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, அழுத்துவதற்கு முன் அதே வளையத்தால் மூட வேண்டும். மூட மறந்தால் படம் வெளுத்துவிடும். பொறுமை உள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். லென்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு உடம்பைப் பரணில் போடுகிறவர் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 சிங்கப்பூர்ச் சித்தப்பா கொடுத்தது. 1967இல் வந்து 1984வரை ஓடிய மாடல். இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் எல்லோரும் இதையே கேட்பீர்கள். லென்ஸைச் சுற்றிலும் செலினியம், இதற்கும் பேட்டரி இல்லை. இருட்டில் அழுத்தினால் பார்வைக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு நாக்கு எழும்பி, 'முடியாது' என்று ஷட்டரைப் பூட்டிவிடும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்த நாக்கைப் பார்ப்பதற்காகவே லென்ஸைக் கையால் மூடி அழுத்திக்கொண்டிருப்பார்கள். எழுபதுகளில் புழங்கிய கேமராக்களில் பயணத்துக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. செலினியத்துக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது. வேலையில்லாத நேரம் மூடி போட்டு வையுங்கள்.

இனி யாஷிகா மேட் 124ஜி. இதைக் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும்.

1970இல் வந்த இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க. தமிழ்நாட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்களிடம் இதுவோ இதன் அண்ணன் தம்பிகளோ கட்டாயம் இருந்திருக்கும். என்னுடையது, எங்கள் தெருமுனை ஸ்டுடியோ ஐயா கடையைக் கட்டியபோது கூப்பிட்டுக் கொடுத்தது. பாஸ்போர்ட் படத்துக்கும் பிரிண்டர் வந்துவிட்ட பிறகு அவர் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பார்? "நீ வித்துப்புட மாட்டே" என்றார். கழுத்து வாரில் அவர் வியர்வையின் கறை இன்னமும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

இதைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. மார்புக்குக் கீழே பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டில் உலகம் சதுரமாக, இடவலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை இடதுபக்கம் விலகிப்போனால் நீங்கள் கேமராவைத் தவறான பக்கம் திருப்புவீர்கள். பழக ஒரு வாரம் ஆகும். விரல் நுனியில் ஒரு சின்ன விசையைத் தள்ளினால் உருப்பெருக்கிக் கண்ணாடி எழும்பும். அதில் கண்ணை வைத்து, இடது கைக் குமிழை மெல்லத் திருகினால், முதலில் மங்கலாக இருந்த கண்ணிமை முடி முடியாகப் பிரியும் ஒரு கட்டம் வரும். அங்கே நிறுத்துங்கள். வலது பக்கக் கைப்பிடியை முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று. அடுத்த படம் தயார். ஷட்டர் சத்தம் எதிரில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது.

குனிந்து பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரை நீங்கள் குழாய் வைத்துக் குறிபார்ப்பதில்லை. தலை கவிழ்ந்திருக்கும் ஒருவர் முன்னால் மனிதர்கள் விறைப்பு விடுகிறார்கள். காந்தி மார்க்கெட்டில் வாழை இலை விற்கும் அம்மா போனைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். இந்தப் பெட்டியைத் திறந்தால் "இதென்னய்யா டப்பா?" என்று அவரே எட்டிப் பார்ப்பார்.

இதன் மீட்டருக்குப் பாதரச பேட்டரி வேண்டும். 1.35 வோல்ட். பாதரசம் விஷம் என்று அந்த பேட்டரியையே உலகம் நிறுத்திவிட்டது. கடைக்காரர் கொடுக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட், அதைச் சின்ன வளையம் வைத்துப் பொருத்தலாம். இல்லையென்றால் போனில் லைட் மீட்டர் செயலி போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆயுத பூஜைக்கு மட்டும் எல்லாக் கேமராவும் வெளியே வந்து மணையில் வரிசையாக உட்காரும். ஸ்டுடியோக்களில் லென்ஸுக்கு மேலேயே சந்தனப் பொட்டு வைப்பார்கள். அந்தச் சந்தனம் காய்ந்து பொடியாகி ஃபோகஸ் வளையத்துக்குள் இறங்கிய கேமராக்களைப் பார்த்திருக்கிறேன். சாமிக்கு வைக்காமல் இருக்க வேண்டாம், தோல் உறைக்கு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒரு ஹாட் ஷாட்டும் இருக்கிறது. எண்பதுகளில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன பிள்ளைகள் கையில் இருந்த நீளமான டப்பா. இதை நீங்கள் கேட்டால் தருவேன், ஆனால் கேட்காதீர்கள். இது 110 பிலிம் போடும் கேமரா. கோடக் 1972இல் கொண்டுவந்த வகை, நெகட்டிவ் 13க்கு 17 மி.மீ. அளவு, கட்டைவிரல் நகத்தளவுதான். இப்போது அந்த பிலிமைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. பழைய கேமரா வாங்கப் போகும் எல்லோருக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன்: கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அது என்ன பிலிம் தின்கிறது என்று பாருங்கள். 120 ரோல் 1901இல் பிறந்தது. 35 மி.மீ. டப்பா பிலிம் 1934இல் பிறந்தது. இரண்டும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. நடுவில் வந்த டிஸ்க் பிலிம் 1982இல் ஆர்ப்பாட்டமாக வந்தது, காணாமல் போயிற்று. 1996இல் வந்த ஏ.பி.எஸ். பிலிமையும் 2011இல் நிறுத்திவிட்டார்கள். அந்த வகைக் கேமராக்கள் சல்லிசாகக் கிடைக்கும், பெட்டியும் புத்தம்புதிதாக இருக்கும். காகிதம் வைக்கும் பாரமாகத்தான் ஆகும்.

இதே கணக்கு டிஜிட்டலுக்கும் உண்டு. என்னிடம் 2000களின் நடுவில் வாங்கிய ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது, பெயர் வேண்டாம். அதற்கு எக்ஸ்.டி. கார்டு என்று ஒரு தனி ரகம், அந்த ரகமே வழக்கொழிந்துவிட்டது. பேட்டரி உப்பி, உள்ளேயே மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பையன் வயதுகூட ஆகாமல் அது போய்விட்டது, அதன் தாத்தா வயதுள்ள கிளிக் த்ரீ இன்றைக்கு ரோல் போட்டால் இன்றைக்கே ஓடும். பழையதெல்லாம் பொன் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். டிஜிட்டல் இல்லையென்றால் என் பேரப்பிள்ளைகளின் படங்களில் பாதி இருக்காது. இன்று நான் அதிகம் படம் எடுப்பது போனில்தான். பழுதானால் திறந்து பார்த்துச் சரிசெய்யலாமா, வெளியில் கிடைக்கும் சாமானை வைத்து ஓட்டலாமா என்பதுதான் பழைய கேமராவில் என் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியது நிக்கான் எஃப்.எம்.2. நான் தராமல் வைத்துக்கொள்ளப் போவது இது ஒன்றைத்தான். 1982இல் வந்தபோது இதன் ஷட்டர் நாலாயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை போனது. அதற்கு டைட்டானியத் தகடு போட்டார்கள். ஓட்டத்துக்கு பேட்டரியே வேண்டாம், மீட்டர் விளக்குக்கு மட்டும்தான். அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வெயிலைத்தான் காட்டுவேன். 100 ஏ.எஸ்.ஏ. பிலிம் போட்டு உச்சி வெயிலில் நின்றால், எஃப் 16க்கு நூறில் ஒரு பங்கு விநாடி. பின்னணியை மங்கவைக்க எஃப் 2.8க்குத் திறந்தால், கணக்குப்படி மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு வேண்டும். அந்தக் காலத்து மற்ற கேமராக்களில் பெரும்பாலானவை ஆயிரத்தோடு நின்றுவிடும். பங்குனி உத்திரத்தில் காவடிக்காரரின் முகத்தை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்க இது ஒன்றால்தான் முடிந்தது. கண் தெரிகிறவரை இது என்னோடு இருக்கட்டும்.

வாங்கிப் போகிறவர்களுக்கு வைத்தியம் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் வேலை பார்த்த காலத்தில் கேமராவுக்கு எமன் யார் என்று தெரிந்துகொண்டேன்: பூஞ்சை. கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள்ளேயே முளைக்கும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள், நூலாம்படை இழைகள் தெரிந்தால் அதுதான். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் போகும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. தோல் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைப்பதுதான் பெரிய ஆபத்து, தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை வறுத்து மறுபடியும் போடலாம். அதற்காக எலும்பு காய்கிற மாதிரி வறட்சியும் வேண்டாம், 40, 50 சதவீத ஈரப்பதம் சரி. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை வெயிலுக்கும் காற்றுக்கும் எடுத்துக்கொண்டு வெளியே போவது.

வெளியில் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து ஓரத்துக் கறுப்புப் பஞ்சை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் வெளிச்சம் உள்ளே புகும், புதிதாக ஒட்டிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்று விற்பவர் சொன்னால், எந்த பிலிமில் என்று கேட்டு அந்தப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நெகட்டிவ்கள் பற்றி ஒரு வார்த்தை. கழுவக் கொடுத்தால் ஸ்கேனை மட்டும் போனில் வாங்கிக்கொண்டு நெகட்டிவைக் கடையிலேயே விட்டுவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்குப் புரியவே இல்லை. காசு கொடுத்து எடுத்தது நெகட்டிவ், ஸ்கேன் அதன் நகல். அதைக் கேட்டு வாங்கி, உறையில் போட்டு, தேதியும் ஊரும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வீட்டில் பழைய நெகட்டிவ்கள் இருந்து, டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால், அந்த அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றோடு வைக்காதீர்கள், உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இனி நிபந்தனைகள். கேமரா வாங்கிப் போகிறவர் ஒரு மாதத்துக்குள் அதில் ஒரு முழு ரோல் எடுத்து, கழுவி, நெகட்டிவோடு என்னிடம் வந்து காட்ட வேண்டும். படம் நன்றாக வந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெளுத்த படமானாலும் சரி, ஆடிய படமானாலும் சரி. மாதம் கடந்தும் வரவில்லையென்றால் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன், அப்போது முகம் சுளிக்கக் கூடாது. விற்கக் கூடாது. ஆர்வம் போய்விட்டால், ஆர்வம் உள்ள இன்னொருவருக்கு இதே நிபந்தனையோடு கொடுத்துவிடலாம். துளை போட்டு மேஜை விளக்காக மாற்றுவது, காபி கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது போன்ற யோசனைகள் உள்ளவர்களுக்கு ஹாட் ஷாட்டையும் உப்பிய டிஜிட்டலையும் தருகிறேன், சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யாஷிகாவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஸ்டுடியோ ஐயா இன்னும் உறையூரில் இருக்கிறார். அதை வாங்குகிறவர் முதல் ரோலில் முதல் படத்தை அவரைத்தான் எடுக்க வேண்டும். அவர் ஆயிரக்கணக்கானவர்களைப் படம் எடுத்தார், அவர் படம் அவரிடம் ஒன்றிரண்டுக்குமேல் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குமேல் வீட்டில் இருப்பேன். பிலிம் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். எப்படிப் போடுவது என்று அங்கேயே சொல்லிக்கொடுத்து, போட்டுத்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் கேமரா சார்